கிராமப்புறக் கவுண்டியில் அப்பா அம்மாவுக்கு நர்ஸிங் ஹோம் பார்க்கிறவர்களுக்கு

ஜே-1 வேவருக்காக (ஜே-1 விசா டாக்டர்கள் சொந்த நாடு திரும்ப வேண்டும் என்ற விதியிலிருந்து கிடைக்கும் விலக்கு) மூன்று வருடம் வேலை செய்ய அயோவா, நெப்ராஸ்கா, கான்ஸஸ் பக்கம் வந்து சேரும் டாக்டர் குடும்பங்களிடமிருந்து ஒரே மாதிரியான போன் அடிக்கடி வருகிறது. கூட இருக்கும் அம்மாவுக்கு ஸ்ட்ரோக், அல்லது அப்பா விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஒமாஹாவிலோ டி மொய்னிலோ பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் முடிந்தது. டிஸ்சார்ஜ் வேலை பார்க்கிறவர் நர்ஸிங் ஹோம்களின் (நீண்டநாள் பராமரிப்பு இல்லங்கள்) பட்டியலைக் கொடுத்து, எந்த ஹோம் என்று நாளைக்குள் சொல்லுங்கள் என்கிறார். நம் கவுண்டியில் இருப்பதே இரண்டு. அதில் ஒன்றில் இடமில்லை.

நான் மேற்கு அயோவாவில் இருக்கிறேன். என் மாமனார் கடைசிவரை இந்த ஊர் ஹோமில்தான் இருந்தார். போனில் சொல்வதையெல்லாம் புதிதாக வருகிறவர்களுக்காக இங்கே எழுதிவைக்கிறேன். ஹோமில் சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது, சேர்க்கும் தாளில் பிள்ளை கையெழுத்துப் போடலாமா, ஹோமில் சேர்த்தால் ஊரில் பேசுவார்களே என்று சிலர் கேட்டதற்கும் கீழே பதில் இருக்கிறது.

அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். எந்த ஹோம் என்று முடிவு செய்யும் உரிமை நோயாளிக்கும் குடும்பத்துக்கும்தான். ஆஸ்பத்திரி பட்டியல் தரலாம், திணிக்கக் கூடாது. மெடிகேர் (பெரும்பாலும் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) இருப்பவர் என்றால், இவ்வளவு சீக்கிரம் அனுப்புவது சரியில்லை என்று மேல்முறையீடு செய்யலாம். அதற்கான தாளை ஆஸ்பத்திரியே தரும். டிஸ்சார்ஜ் நாளுக்குள் அதில் சொன்ன எண்ணுக்குக் கூப்பிட்டுவிட வேண்டும்.

இன்னொரு வழி கிராமத்துக்கே உரியது, நகரத்திலிருந்து வந்தவர்களுக்கு இது தெரிவதேயில்லை. நம் ஊரில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரி பெரும்பாலும் 25 படுக்கைக்கு மேல் இல்லாத 'கிரிட்டிக்கல் ஆக்சஸ்' ஆஸ்பத்திரியாக இருக்கும். அயோவாவில் மட்டும் இப்படி 80-க்கும் மேல் உண்டு. அங்கே பல இடங்களில் 'ஸ்விங் பெட்' என்ற ஏற்பாடு இருக்கிறது. அதே படுக்கையில் வைத்து, நர்ஸிங் ஹோமில் தருகிற மாதிரி பிசியோதெரபியும் கவனிப்பும் தருவார்கள். "எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஸ்விங் பெட் கிடைக்குமா?" என்று கேளுங்கள். கிடைத்துவிட்டால், அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுவார்; நீங்களும் ஹோம்களை நிதானமாகப் போய்ப் பார்க்கலாம்.

அடுத்தது பணம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை. பெற்றோர் விசிட்டர் விசாவில் இருந்தால் மெடிகேரும் இல்லை, மெடிகெய்டும் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு காப்பீடு) இல்லை. டிராவல் இன்ஷூரன்ஸ் நீண்டநாள் ஹோம் செலவைத் தராது. சிட்டிசனான உங்கள் அண்ணனோ அக்காவோ ஸ்பான்சர் செய்து கிரீன் கார்டில் வந்தவர்கள் என்றால், 65 வயதுக்குமேல், ஐந்து வருடம் தொடர்ந்து இங்கே வாழ்ந்த பிறகே மெடிகேரைப் பணம் கட்டி வாங்க முடியும். இங்கே வேலை பார்த்திராதவருக்கு ஏ பகுதிக்கு (ஆஸ்பத்திரிச் செலவுக்கான பகுதி) மட்டும் மாதம் 500 டாலருக்கு மேல் ஆகும். மெடிகெய்டுக்கும் பொதுவாக ஐந்து வருடக் காத்திருப்பு உண்டு. 1996-ஆம் ஆண்டுச் சட்டம் அது. அதற்குப் பிறகும் ஐ-864-இல் (ஸ்பான்சர் செய்கிறவர் தரும் ஆதரவு உறுதிப் படிவம்) கையெழுத்துப் போட்ட பிள்ளையின் வருமானத்தைச் சேர்த்துக் கணக்குப் பார்க்கலாம். கைக்காசு கொடுத்து வைப்பதென்றால் கிராமத்திலும் மாதம் பல ஆயிரம் டாலர்.

மெடிகேர் இருந்தாலும் அது ஆயுசுக்கும் தராது. ஒரு நோய்க்காலத்துக்கு அதிகபட்சம் 100 நாள். முதல் 20 நாள் முழுதாக, அதன்பின் நாளொன்றுக்கு 200 டாலருக்கு மேல் நம் பங்கு. தெரபிஸ்ட் தரவேண்டிய தெரபியோ நர்ஸ் செய்யவேண்டிய சிகிச்சையோ தேவைப்படும்வரைதான் அதுவும். வழக்கமான மெடிகேரில் அதற்குமுன் மூன்று நாள் 'இன்பேஷண்ட்' (முறைப்படி அட்மிட் ஆனவர்) ஆக இருந்திருக்க வேண்டும். வார்டில் படுத்திருந்தாலும் 'அப்சர்வேஷன்' (கண்காணிப்பு மட்டும்) என்று எழுதியிருந்தால் கணக்கில் வராது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே இதைக் கேட்டுவிடுங்கள்.

மெடிகெய்டு கேட்கும்போது முந்தைய ஐந்து வருடத்தில் யாருக்கு என்ன கொடுத்தார் என்று பார்ப்பார்கள். ஊரில் வீட்டை விற்றுப் பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்தது, பேத்தி கல்யாணத்துக்கு நகை போட்டது எல்லாம் இதில் வரும். எல்டர் லா (முதியோர் சட்டம்) வக்கீல் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசுவதற்கான செலவு வீண் போகாது.

இனி ஹோமைப் பற்றி. மெடிகேர் தளத்தில் 'கேர் கம்பேர்' பக்கத்தில் ஒவ்வொரு ஹோமுக்கும் ஐந்துக்கு எத்தனை ஸ்டார் என்று போட்டிருக்கும். ஸ்டாரைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அதில் ஒரு பகுதி ஹோமே எழுதி அனுப்பும் விவரங்களை வைத்துப் போடப்படுகிறது. நான் நம்புவது இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டைத்தான். 2567 என்ற எண்ணுள்ள படிவம். ஹோமிலேயே யாரையும் கேட்காமல் எடுத்துப் படிக்கும்படி வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு குறைக்கும் ஏ முதல் எல் வரை ஓர் எழுத்து இருக்கும். டி, ஈ என்றால் பெரும்பாலும் சரிசெய்துவிடக்கூடியவை. ஜி வந்தால் ஒருவருக்கு உண்மையிலேயே தீங்கு நடந்திருக்கிறது. ஜே, கே, எல் என்றால் உயிருக்கே ஆபத்தான நிலை. அந்த எழுத்துகள் அண்மையில் இருந்தால், அல்லது 'கேர் கம்பேர்' பக்கத்தில் பெயருக்குப் பக்கத்தில் துன்புறுத்தல் எச்சரிக்கையான சிவப்பு வட்டத்தில் கை படம் இருந்தால், அந்த ஹோமை விட்டுவிடுங்கள். அதே பக்கத்தில் சனி ஞாயிறில் ஒருவருக்கு எவ்வளவு நேரம் நர்ஸ் கவனிப்பு கிடைத்தது, வருடத்தில் நூற்றுக்கு எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்பதும் இருக்கும். சின்ன ஊரில் இந்தக் கடைசி எண்தான் எனக்கு முக்கியம். பத்து வருடமாக அதே நர்ஸ் எய்டுகள் (குளிப்பாட்ட, ஊட்ட உதவும் பணியாளர்கள்) இருக்கும் ஹோமில், அம்மா முகம் சுளித்தால் அது வலியா கோபமா என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இப்படி ஆபத்தானவற்றை ஒதுக்கிய பிறகு, மிச்சம் இருப்பதில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதையே எடுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒமாஹாவில் ஐந்து ஸ்டார் ஹோம் இருக்கிறது, இந்திய நர்ஸ்கள் இருக்கிறார்கள், கோயிலும் பக்கம் என்று சொல்வார்கள். ஆனால் ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம். ஜனவரியில் பனிப்புயல் அடித்து ஐ-80 நெடுஞ்சாலையை மூடிவிட்டால் அந்த வாரம் போகவே முடியாது. வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் இருக்கும் மூன்று ஸ்டார் ஹோமுக்கு வேலை முடிந்து வரும் வழியில் தினமும் எட்டிப் பார்க்கலாம். பிள்ளை எந்த நேரத்திலும் வந்து நிற்கும் என்று தெரிந்த நோயாளியின் பெல்லுக்கு ஆள் வருகிறது. படுக்கைப் புண் சிவப்பாகத் தொடங்கும்போதே உங்கள் கண்ணில் படும்.

சேர்ப்பதற்குமுன் சொல்லாமல் ஒருமுறை போய்ப் பாருங்கள். காலை பதினொரு மணிக்கு எல்லா ஹோமும் நன்றாகத்தான் இருக்கும். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, சப்பர் நேரத்தில் போங்கள். சாப்பிட முடியாதவர்களுக்கு யாராவது உட்கார்ந்து ஊட்டுகிறார்களா, தண்ணீர் டம்ளர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, நோயாளி பெல் அடித்தால் அறை வாசலில் எரியும் விளக்கு எத்தனை நிமிடம் அப்படியே கிடக்கிறது என்று பாருங்கள். ராத்திரி ஷிஃப்டில் ஒரு எய்டுக்கு எத்தனை பேர் என்று எய்டிடமே கேளுங்கள், மேனேஜரிடம் வேண்டாம்.

சைவச் சாப்பாடு பற்றிக் கேட்ட தங்கைக்கு: அவர்கள் 'வெஜிடேரியன்' என்று சொல்லிக் கொடுக்கும் சூப்பில் சிக்கன் பிராத் இருக்கலாம், ஜெல்லோவில் ஜெலட்டின் (விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது) இருக்கிறது. டயட்டீஷியனிடம் இதைத் தனித்தனியாகச் சொல்லி எழுதவையுங்கள். மத, கலாச்சாரத் தேவைகளை முடிந்தவரை மெனுவில் பார்க்க வேண்டும் என்பது மத்திய அரசு விதி. வீட்டிலிருந்தும் கொண்டுபோகலாம். ஆனால் ஸ்ட்ரோக் வந்தவருக்கு ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்லும்வரை ரசமோ மோரோ கொடுக்கவே கொடுக்காதீர்கள். நீர்த்திருப்பது நுரையீரலுக்குள் போய்விடலாம். குழைந்த தயிர்சாதம் கொடுக்கலாமா என்றும் அவரிடமே கேளுங்கள். கேர் பிளான் (கவனிப்புத் திட்டம்) கூட்டத்தில் மற்றதையும் எழுதச் சொல்லுங்கள்: குளிப்பாட்டப் பெண் எய்டு மட்டும், தாலியைக் கழற்றக் கூடாது, கழிவறைக்குப் பிறகு தண்ணீரால் கழுவ வேண்டும். வலி, தண்ணி, பாத்ரூம், போதும், பயமா இருக்கு என்ற சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிக் கட்டில் மேல் ஒட்டிவிடுங்கள். மறதி நோய் முற்றும்போது ஆங்கிலம் முதலில் போய்விடுவது உண்டு. தமிழில் சத்தம் போட்டுக் கூப்பிடுகிற அம்மாவை 'அஜிடேட்டட்' (கொந்தளிக்கிறார்) என்று எழுதி மனநோய் மாத்திரை தொடங்க விடாதீர்கள். உங்களைக் கேட்காமல் புது மாத்திரை கூடாது என்று சொல்லிவையுங்கள்.

கையெழுத்து பற்றிக் கேட்ட தம்பிக்கு: ஹோமில் சேர்க்கும் தாளில் 'ரெஸ்பான்ஸிபிள் பார்ட்டி' (செலவுக்குப் பொறுப்பாளர்) என்ற கோட்டில் சும்மா கையெழுத்துப் போடாதீர்கள். சேர்ப்பதற்கு நிபந்தனையாகப் பிள்ளையின் சொந்தப் பொறுப்பைக் கேட்கக் கூடாது என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அப்பாவின் பவர் ஆஃப் அட்டர்னியாக (அவர் சட்டப்படி அதிகாரம் கொடுத்தவராக), அவர் சார்பில் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். (பென்சில்வேனியா போன்ற சில மாநிலங்களில் பெற்றோரின் செலவைப் பிள்ளைகளிடம் கேட்கத் தனிச் சட்டம் உண்டு, அங்கே இருப்பவர்கள் வக்கீலைக் கேளுங்கள்.) ஆர்பிட்ரேஷன் தாளும் (வழக்கை கோர்ட்டுக்குக் கொண்டுபோகாமல் நடுவரிடம் தீர்க்கச் சம்மதம்) கட்டாயமில்லை, போட்டுவிட்டாலும் 30 நாளுக்குள் திரும்பப் பெறலாம்.

ஊரில் சொந்தக்காரர்கள் பேசுவார்களே என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். தூக்க இரண்டு ஆள் வேண்டிய உடம்பை, இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில், ராத்திரியில் தனியாகப் புரட்டிப் போட முயன்றால் அம்மாவுக்குத்தான் அடிபடும். பேசுகிறவர்களிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

சேர்த்த பிறகு ஏதாவது சரியில்லை என்றால் முதலில் டைரக்டர் ஆஃப் நர்ஸிங், அங்கே நடக்கவில்லை என்றால் மாநிலத்தின் 'லாங் டெர்ம் கேர் ஆம்பட்ஸ்மன்' (ஹோமில் இருப்பவர்களின் புகார்களைக் கவனிக்கும் அலுவலகம்). காசு வாங்க மாட்டார்கள், நீங்கள் சம்மதிக்காமல் உங்கள் பெயரை ஹோமிடம் சொல்லவும் மாட்டார்கள். சேர்ப்பதற்குமுன்பே அவர்களைக் கூப்பிட்டு அந்த ஹோமைப் பற்றிக் கேட்கலாம். எண்ணை ஹோமிலேயே எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். முதல் நாளே போனில் பதிந்துகொள்ளுங்கள்.