யூசர்மொட் பெரிய எல் போட்டால் கணக்கு மூடிவிடுமா? ஹட்டன் அண்ணனுக்கு ஒரு பதில்

பசறை_பாஷ்:
ரூட்_ஹட்டன் அண்ணன் நேற்று லினக்ஸ் சேர்வருக்கு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) போட்டிருந்தார். தோட்டப்புறப் பயிற்சி நிலையங்களில் மாணவர் கணக்குகளைத் திறக்கவும் மூடவும். கீழே ஒரு வரி: "விலகிப்போன பிள்ளைக்கு யூசர்மொட் பெரிய எல் போடுங்கள், கணக்கு மூடியாச்சு, வேறு எதுவும் தேவையில்லை." அதற்கு வரிசையாக லைக் வேறு.

அந்த வரி பிழை. யூசர்மொட் என்பது பயனர் கணக்கை மாற்றும் கட்டளை, பெரிய எல் (-L) அதில் பூட்டுவதற்கான தெரிவு. பெரிய எல் போட்டால், கடவுச்சொற்கள் இருக்கும் ஈடிசி ஷாடோ கோப்பில் அந்தப் பயனரின் ஹேஷுக்கு (கடவுச்சொல்லின் உருமாற்றிய வடிவம்) முன்னால் ஓர் ஆச்சரியக்குறி விழும். கடவுச்சொல் பொருந்தாது. அவ்வளவுதான். அந்தப் பிள்ளை எஸ்எஸ்எச் சாவி (கடவுச்சொல் இல்லாமலே தூரத்தில் இருந்து நுழைய உதவும் கோப்பு) போட்டு வைத்திருந்தால் வீட்டில் இருந்துகொண்டே நேராக உள்ளே வரும். கட்டளையின் கையேடான மேன் பக்கத்திலேயே இருக்கிறது: கணக்கையே பூட்ட வேண்டுமென்றால் காலாவதித் தேதியையும் 1 என்று வை. ஆனால் மேன் பக்கத்தைப் படிக்கவும் ஆள் வேண்டுமே.

ரூட்_ஹட்டன்:
தம்பி, வணக்கம். முழு ஸ்கிரிப்டையும் படித்தீர்களா, கடைசி வரியை மட்டுமா? கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் கொடுக்கவில்லை, கொடுத்தால், ஓடுகிற கட்டளைகளைப் பார்க்க பிஎஸ் அடிக்கிற எல்லோர் கண்ணிலும் படும். கடவுச்சொல் வைக்கும் கட்டளையான சிஎச்பாஸ்வேர்டுக்குப் பைப்பில் அனுப்புகிறேன். பிறகு சேஜ் மைனஸ் டி 0, முதல் தடவை நுழையும்போதே பிள்ளை தன் கடவுச்சொல்லை மாற்றியாக வேண்டும். இதெல்லாம் தெரியவில்லை, ஓர் எழுத்து மட்டும் தெரிந்துவிட்டது.

இங்கே படிப்பது தரம் 10, 11 பிள்ளைகள். எஸ்எஸ்எச் சாவி என்றால் என்னவென்றே அவர்களுக்குத் தெரியாது. பெரிய எல் போட்டால் கணக்கு மூடினதுதான்.

பசறை_பாஷ்:
தெரியாது என்று யார் சொன்னது? யூடியூப் பார்த்துச் சாவி போடுவதற்கு ஐந்து நிமிடம் போதும். நீங்கள் செய்வது செக்ரோலில் (தோட்டத் தொழிலாளர் பதிவேடு) பேரை வெட்டிவிட்டு லயத்து (தோட்டக் குடியிருப்பு) அறைச் சாவியை வாங்காமல் விடுவது மாதிரி. பேர் இல்லை, ஆள் உள்ளே இருக்கிறார்.

கொட்டகலை சேர்:
இருவருக்கும் வணக்கம். நடைமுறையில் வருகிற ஒரு சிக்கலைச் சொல்கிறேன். பெயர்ப்பட்டியல் விண்டோஸ் எக்செலில் இருந்து வருகிறது. வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேரியேஜ் ரிட்டர்ன் குறி ஒட்டிக்கொண்டு வரும். கடைசிப் பத்தியில் கடவுச்சொல் இருந்தால் அதுவும் கடவுச்சொல்லில் சேர்ந்துவிடும். கணக்கு திறந்திருக்கும், ஷாடோவில் ஹேஷும் இருக்கும், ஒரு பிள்ளையாலும் நுழைய முடியாது. ஸ்கிரிப்ட் தொடங்கும் முன் கோப்பை, அந்தக் குறியை நீக்கும் டொஸ்2யுனிக்ஸில் போட்டு எடுப்பது நல்லது. இன்னொன்று, ஃபோர் லூப்பில் கேட் போட்டு வாசித்தால் "ஆர் குமார்" என்பது இரண்டு ஆளாகிவிடும். வரி வரியாக வாசிக்கும் வைல் ரீட் மைனஸ் ஆர்தான் சரி.

ரூட்_ஹட்டன்:
சேர், என்னுடையது வைல் ரீட்தான். படித்துப் பார்க்காமல் எழுதுகிறவர்கள் கூடிப்போய்விட்டார்கள்.

கொட்டகலை சேர்:
உங்களைச் சொல்லவில்லை.

பசறை_பாஷ்:
சேர் சொல்வது சரி, ஆனால் கேள்வி அதுவல்ல. பெரிய எல் போட்டால் கணக்கு மூடுமா, மூடாதா? மூடாது. அதற்கு மட்டும் அண்ணன் பதில் சொல்லட்டும்.

தலவாக்கலை_89:
எஸ்எஸ்எச் சேவையின் (எஸ்எஸ்எச்டி) அமைப்புக் கோப்பான எஸ்எஸ்எச்டி கொன்ஃபிக்கில் யூஸ்பாம் என்று ஒரு வரி இருக்கிறது. அது யெஸ் என்றால், பூட்டிய கடவுச்சொல்லை எஸ்எஸ்எச்டி கணக்கில் எடுக்காது, சாவி வேலை செய்யும். நோ என்றால் ஆச்சரியக்குறியைக் கண்டதும் சாவியோடு வந்தாலும் மறுத்துவிடும். உபுண்டு, டெபியன், ரெட்ஹாட் என்ற லினக்ஸ் வகைகள் எல்லாம் யெஸ் போட்டே தருகின்றன. இரண்டு பேரும் உங்கள் சேர்வரில் அந்த வரியைப் பார்த்துவிட்டுச் சண்டை போடலாமே.

ரூட்_ஹட்டன்:
பார்த்தீர்களா? தலவாக்கலைத் தம்பியே சொல்கிறார், சாவியோடு வந்தாலும் மறுத்துவிடும் என்று.

பசறை_பாஷ்:
பாதி வாக்கியத்தை மட்டும் படிக்கும் வித்தையை அண்ணனிடம்தான் கற்க வேண்டும். உபுண்டு யெஸ் போட்டுத்தான் தருகிறது. உங்கள் சேர்வர் உபுண்டு. அப்புறம் என்ன?

மஸ்கெலியா மதி:
கேள்வி எதுவாக இருந்தாலும் சரி, லயத்தை எதற்கு இழுக்கிறீர்கள் பசறை அண்ணா? செக்ரோலில் பேர் வெட்டுவது எங்கள் வீடுகளில் பகிடி இல்லை. பேரை வெட்டினால் அந்தக் குடும்பம் எங்கே போகும்?

பசறை_பாஷ்:
நானும் லயத்தில் பிறந்தவன்தான் தங்கச்சி. உவமை அது, பகிடி இல்லை.

மஸ்கெலியா மதி:
பிறந்தவர் என்பதால் எப்படியும் பேசலாமா? உவமைக்கு வேறு பொருள் அகப்படவில்லையா? சரி, கணக்கு விஷயத்துக்கே வருகிறேன். அந்த ஸ்கிரிப்டில் பாடசாலைச் சேர்விலக்கம்தான் முதல் கடவுச்சொல். அந்த இலக்கம் கொப்பி அட்டையிலேயே எழுதியிருக்கும். பிள்ளை முதல் தடவை நுழையும் முன்பே பக்கத்து வாங்குப் பையன் நுழைந்து கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். சேஜ் மைனஸ் டி 0 அவனுக்கும் வழிவிடும். இதை இரண்டு அண்ணன்மாரும் பேசவில்லை.

ரூட்_ஹட்டன்:
நாற்பது பிள்ளைக்கு எழுந்தமானமாகக் கடவுச்சொல் உண்டாக்கி, துண்டுக் காகிதத்தில் அச்சடித்து, கையில் கொடுக்க யார் இருக்கிறார்கள்? அச்சுப்பொறிக்கு மை வாங்கித் தருவீர்களா தங்கச்சி?

கண்டி_நெட்வொர்க்:
இந்தக் காலத்தில் ஷெல்லில் யூசர்ஆட் (கணக்குத் திறக்கும் கட்டளை) எழுதிக்கொண்டு இருக்கிறீர்களா? எல்லாக் கணக்கையும் ஓரிடத்தில் வைக்கும் எல்டாப் சேர்வர் ஒன்று வையுங்கள், பல கணனிகளை ஒன்றாக அமைக்கும் அன்சிபிளில் பிளேபுக் எழுதுங்கள். ஒரே இடத்தில் முடக்கினால் எல்லாக் கணனியிலும் முடங்கும். நாங்கள் கண்டியில் அப்படித்தான் செய்கிறோம்.

பசறை_பாஷ்:
வந்துவிட்டார். ஒரு பழைய சேர்வர், மழை பெய்தால் போகிற கரண்ட், பாதி நாள் இல்லாத இணையம். அதற்கு எல்டாப். 2022இல் நாள் முழுக்கக் கரண்ட் வெட்டினபோது பாதியில் நின்ற ஸ்கிரிப்டைத் திரும்ப ஓட்டினவர்களுக்குத்தான் தெரியும், கெட்என்ட் போட்டு "இந்தப் பேர் ஏற்கெனவே இருக்கிறதா" என்று பார்க்காமல் எழுதினால் என்ன ஆகும் என்று.

கண்டி_நெட்வொர்க்:
மலைநாட்டில் வசதி இல்லை என்று எத்தனை நாளைக்குச் சொல்வீர்கள்? நானும் மலைநாட்டான்தான்.

ரூட்_ஹட்டன்:
கண்டி கடல்மட்டத்தில் இருந்து 500 மீற்றர். ஹட்டன் 1,200க்கு மேல். யார் மலைநாடு, யார் அடிவாரம்?

கண்டி_நெட்வொர்க்:
உயரத்தில் இருந்தால் மூளைக்கு ஒட்சிசன் குறையும் என்பது உண்மைதான் போல.

தலவாக்கலை_89:
😂 யூஸ்பாம் வரியை யாராவது பார்த்தீர்களா?

பசறை_பாஷ்:
ஹட்டன் அண்ணனுக்குக் கண்டியோடு சண்டை போட நேரம் இருக்கிறது, எனக்குப் பதில் சொல்ல இல்லை. திரும்பவும் சொல்கிறேன், பெரிய எல் கணக்கை மூடாது. அந்தப் பிள்ளை டீமக்ஸில் (வெளியேறினாலும் வேலையை ஓடவிடும் நிரல்) விட்டுப்போன செஷன் ஓடிக்கொண்டே இருக்கும். திறந்திருக்கும் எஸ்எஸ்எச் தொடர்பு அறுபடாது. யூசர்மொட் மைனஸ் ஈ 1 போட்டுக் கணக்கைக் காலாவதியாக்கி, பிகில் மைனஸ் யூ போட்டு ஓடுகிறதை நிறுத்தி, சாவிகள் இருக்கும் ஒதரைஸ்ட்-கீஸ் கோப்பையும் நகர்த்தினால்தான் மூடியது. ஈ-க்கு 0 போடாதீர்கள். ஷாடோவின் மேன் பக்கம் சொல்கிறது, 0 என்றால் காலாவதியே இல்லை என்றும் பொருள்கொள்ளப்படலாம், 1970 ஜனவரி 1 என்றும் பொருள்கொள்ளப்படலாம். மூன்று வரி கூடுதலாக எழுதினால் கை தேய்ந்துவிடாது.

ரூட்_ஹட்டன்:
பாஸ்வேர்ட் மைனஸ் பெரிய எஸ் அடித்துப் பாருங்கள். பேருக்குப் பக்கத்தில் எல் என்று வரும். எல் என்றால் பூட்டியது. கணனியே பூட்டியது என்று சொல்கிறது, பசறை மட்டும் இல்லை என்கிறது.

பசறை_பாஷ்:
அந்த எல் கடவுச்சொல்லின் நிலை அண்ணே! கட்டளையின் பேரே பாஸ்வேர்ட்!

ரூட்_ஹட்டன்:
கத்தாதீர்கள் தம்பி. உங்களுக்குக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். போன பட்டறை நோட்டீசில் உங்கள் பேர் விடுபட்டது அச்சகத்தின் பிழை. அப்போதே சொல்லிவிட்டேன்.

பசறை_பாஷ்:
நோட்டீசுக் கதையை நான் எடுக்கவில்லை, நீங்கள்தான் எடுத்தீர்கள். எடுத்தது நல்லது. அதே பட்டறையில், முன்வரிசையில் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, யூசர்மொட் பெரிய ஜி-யை சின்ன ஏ இல்லாமல் அடித்துத் தன்னையே சூடோ (நிர்வாகி அதிகாரம் உள்ள) குழுவில் இருந்து தூக்கியவர் யார்? அதுவும் அச்சகத்தின் பிழையா?

ரூட்_ஹட்டன்:
ஏ விட்டால் என்ன நடக்கும் என்று காட்டுவதற்காக வேண்டுமென்றே செய்தது.

பசறை_பாஷ்:
வேண்டுமென்றே செய்தவர் ஏன் ரிகவரி மோட் தெரியுமா என்று எனக்குத் தேநீர் இடைவேளையில் கோல் எடுத்தார்?

கொட்டகலை சேர்:
தம்பிமாரே, பிள்ளைகளும் வாசிக்கிறார்கள்.

தலவாக்கலை_89:
ஏன் பூட்ட வேண்டும்? யூசர்டெல் மைனஸ் ஆர் போட்டு அழித்துவிட்டால் முடிந்தது.

பசறை_பாஷ்:
முடியாது. மைனஸ் ஆர் வீட்டு அடைவையும் அஞ்சல் பெட்டியையும்தான் அழிக்கும். பொதுக் கோப்புறையில் அந்தப் பிள்ளை போட்டதெல்லாம் பேர் இல்லாமல் வெறும் யூஐடி (பயனர்) எண்ணோடு கிடக்கும். அந்த யூஐடிதான் இருப்பதிலேயே பெரிய எண் என்றால், அடுத்து யூசர்ஆட் அடிக்கும்போது அதே எண் புதுப் பிள்ளைக்குப் போகும். பழைய பிள்ளையின் கோப்பு முழுக்கப் புதுப் பிள்ளைக்குச் சொந்தமாகிவிடும். அதனால்தான் மூட வேண்டும் என்கிறேன், அழிக்கக்கூடாது என்கிறேன். மூடுவதற்குப் பெரிய எல் போதாது என்றும் சொல்கிறேன்.

மஸ்கெலியா மதி:
சேர்விலக்கக் கடவுச்சொல்லைப் பற்றி இன்னும் ஒருவரும் பேசவில்லை.

ரூட்_ஹட்டன்:
பெரிய எல் போதும். இத்தனை வருடமாக ஓடுகிறது, விலகிய ஒரு பிள்ளையும் திரும்ப நுழையவில்லை.

பசறை_பாஷ்:
நுழையவில்லை என்று எப்படித் தெரியும்? லாஸ்ட் (யார் எப்போது நுழைந்தார் என்று காட்டும் கட்டளை) அடித்துப் பார்த்தீர்களா?

ரூட்_ஹட்டன்:
எனக்கு அது தேவையில்லை. நம்பாதவர்கள் சனிக்கிழமை ஹட்டனுக்கு வரலாம், சேர்வரின் முன்னால் உட்கார்ந்து பேசுவோம்.

பசறை_பாஷ்:
பசறையில் இருந்து பதுளைக்கு பஸ், பதுளையில் இருந்து ஹட்டனுக்கு ரயில். ஓர் ஆச்சரியக்குறிக்காகவா? எனக்கு ஒரு டெஸ்ட் கணக்குத் திறந்து தாருங்கள். என் சாவியைப் போடுகிறேன். அப்புறம் உங்கள் பெரிய எல்லைப் போடுங்கள். இங்கிருந்தே நுழைந்து காட்டுகிறேன்.

ரூட்_ஹட்டன்:
வெளியாளுக்கு எங்கள் சேர்வரில் கணக்குத் திறப்பதில்லை.

பசறை_பாஷ்:
மூடத் தெரியாதென்றால் திறக்காமல் இருப்பது நல்லதுதான்.

கண்டி_நெட்வொர்க்:
எல்டாப் வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வராது.

கொட்டகலை சேர் (ரூட்_ஹட்டன், பசறை_பாஷ் இருவருக்கும்):
என் பட்டியலில் இரண்டு யோகேஸ்வரி இருக்கிறார்கள், இருவருக்கும் முதலெழுத்து எஸ். பயனர் பேர் எப்படி வைப்பது?

பசறை_பாஷ்:
பேருக்குப் பின்னால் சேர்ந்த ஆண்டைப் போடுங்கள் சேர், எல்லாம் சின்ன எழுத்தில். ஹட்டன் அண்ணனின் ஸ்கிரிப்டில் அதற்கும் வழியில்லை.

ரூட்_ஹட்டன்:
இருக்கிறது. 31ஆவது வரி. படியுங்கள்.

பசறை_பாஷ்:
படித்தேன். 32ஆவது வரியில் பெரிய எல் இருக்கிறது.