பழைய கேமராவில் லைட் லீக் (வெளிச்சக் கசிவு): படத்தின் இடது ஓரத்தில் ஆரஞ்சுப் பட்டை

பெசன்ட்நகர்_35:
வணக்கம். செகண்ட் ஹேண்டில் ஒரு பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமரா வாங்கினேன். கோடக் கோல்டு 200 கலர் ஃபிலிம் போட்டு எலியட்ஸ் பீச்சில் மத்தியான வெயிலில் எடுத்தேன். சில படங்களில் மட்டும் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஆரஞ்சுப் பட்டை. லென்ஸை மாற்றியும் அதே கதைதான். ஷட்டர் போய்விட்டதா? கடையில் முழுசாகப் பிரிக்கணும் என்கிறார்கள்.

மயிலை_நெகட்டிவ்:
பிரிக்கக் கொடுக்காதீர்கள் தம்பி, முதலில் நெகட்டிவைப் பாருங்கள். ஸ்கேனில் ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், அதை நம்ப முடியாது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். அது படத்தின் கட்டத்துக்குள் நிற்கிறதா, ஃபிலிம் ஓரத்தில் வரிசையாக இருக்கும் பல்துளைகள் வரை ஓடுகிறதா?

பெசன்ட்நகர்_35:
துளைகளையும் தாண்டி ஃபிலிமின் விளிம்பு வரை போயிருக்கிறது அண்ணா. பக்கத்துப் படத்திலும் கொஞ்சம் பரவியிருக்கிறது.

மயிலை_நெகட்டிவ்:
அப்போ ஷட்டர் மேல் பழி போட வேண்டாம். ஷட்டர் வழியாக நுழையும் வெளிச்சம் கட்டத்துக்குள்தான் விழும். இது பின்கதவு. நிறமும் அதையே சொல்கிறது: கலர் ஃபிலிமில் சிவப்பை உணரும் அடுக்கு அடியில் இருக்கிறது, முதுகுப் பக்கம் வரும் வெளிச்சம் முதலில் அதைத்தான் தொடும். லென்ஸ் எல்லாவற்றையும் இடம்வலம் மாற்றிப் போடுவதால், படத்தில் இடது என்றால் பின்னாலிருந்து பார்க்கும்போது கேமராவின் வலது. அங்கேதான் கதவின் கீல் இருக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே கேமரா வெயிலில் அதிக நேரம் தொங்கியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் பட்டை விழும்.

கதவைத் திறந்து கீல் ஓரத்தில் வெளிச்சம் புகாமல் அடைக்கும் ஃபோமைக் குச்சியால் தொட்டுப் பாருங்கள். தார் மாதிரி ஒட்டும், இல்லையென்றால் பொடிப்பொடியாக உதிரும். அது பாலியூரிதேன், ஈரப்பதம் பட்டுப்பட்டுச் சிதைந்துவிடும். கே1000 வந்தது 1976-ல், நிறுத்தியது 1997-ல். சென்னைக் காற்றில் இத்தனை வருஷம் இருந்த ஃபோம் எப்படி உருப்படியாக இருக்கும்?

சரி செய்ய பெரிய செலவில்லை. ரிச்சி தெருவில் மொபைல் ரிப்பேர் சாமான் விற்கும் கடைகளில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். மூங்கில் பல்குச்சியில் பஞ்சைச் சுற்றி, கொஞ்சமாக நனைத்து, பழைய பிசினைச் சுரண்டி எடுங்கள். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துச் செய்யுங்கள், ஒரு துணுக்கு ஷட்டர் திரையில் விழுந்தாலும் தொல்லைதான். கதவின் விளிம்பு பொருந்தும் மேல், கீழ்க் காடிகளில் (பள்ளங்களில்) ஃபோமுக்குப் பதிலாகக் கறுப்புக் கம்பளி நூல் போதும். கீல் பக்கத்துக்குக் கறுப்பு வெல்வெட் ரிப்பன் ஒட்டுங்கள். கதவு தடையில்லாமல் மூட வேண்டும். அழுத்தி மூட வேண்டியிருந்தால் நூல் தடிமன் அதிகம் என்று அர்த்தம்.

பெரம்பூர்_ஸோர்க்கி:
மயிலை அண்ணன் சொன்னது சரி. துணி ஷட்டர் உள்ள ரேஞ்ச்ஃபைண்டர் (லென்ஸ் வழியாக அல்லாமல் தனி ஜன்னல் வழியாகப் பார்க்கும் கேமரா) வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சேர்க்கிறேன். கட்டத்துக்குள்ளேயே, ஒரே இடத்தில் வெள்ளைப் புள்ளி வந்தால் திரையில் ஊசித்துளை இருக்கிறது. இந்தக் கேமராக்களில் கே1000-ல் இருப்பது போல ஷட்டருக்கு முன்னால் பிரதிபலிக்கும் கண்ணாடி குறுக்கே இல்லாததால் லென்ஸ் வழியாக வெயில் விழுந்து துணி பொசுங்கிவிடும். மெரினாவில் நடக்கும்போது மூடி போட்டே வைத்திருங்கள்.

பெசன்ட்நகர்_35:
கீல் ஓரத்தில் கறுப்புப் பிசின்தான் இருக்கிறது, குச்சியோடு நூல் நூலாக வருகிறது! மாற்றிய பிறகு எப்படிச் சோதிப்பது?

மயிலை_நெகட்டிவ்:
இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்ப்பதை நான் நம்புவதில்லை, மெல்லிய கசிவு கண்ணுக்குத் தப்பிவிடும். ஒரு ரோல் போடுங்கள். முதல் பாதிக்குக் கதவின் விளிம்பு முழுக்கக் கறுப்பு இன்சுலேஷன் டேப், மறுபாதிக்கு டேப் இல்லாமல். இரண்டிலும் வெயிலில் தொங்கவிட்டே எடுங்கள். பட்டை டேப் இல்லாத பாதியில் மட்டும் வந்தால் சீல் (நீங்கள் ஒட்டிய நூலும் ரிப்பனும்) இன்னும் சரியாக உட்காரவில்லை. டேப்பை அன்றைக்கே உரித்துவிடுங்கள், நம் வெயிலில் பசை இளகி லெதரெட்டில் (கேமராவின் மேல் ஒட்டியிருக்கும் செயற்கைத் தோலில்) ஏறிவிடும். ஃபிலிம் போடுவதும் எடுப்பதும் எப்போதும் நிழலில்தான்.