குரோஷா ஸ்வெட்டர் மேலே போகப் போகக் குறுகுகிறது, உதவி தேவை (அவசரம்)

குன்னூர்_கீதா:
வணக்கம். குரோஷாவில், அதாவது கொக்கி ஊசியால், ஸ்வெட்டர் ஒன்று பின்னிக்கொண்டிருக்கிறேன். மேலே போகப் போகக் குறுகிக்கொண்டே வருகிறது. காணொளியில் காட்டியபடியேதான் செய்கிறேன், எதையும் விடவில்லை. டிசம்பருக்குள் முடித்தாக வேண்டும். என்ன காரணமாக இருக்கும்? விரைவாகச் சொல்லுங்கள்.

தேன்மொழி:
கீதா, கொஞ்சம் விவரம் வேண்டும். யாருக்கு ஸ்வெட்டர்? என்ன நூல், என்ன ஊசி? முதுகுப் பகுதியா, கையா, கழுத்திலிருந்து கீழே இறங்கும் வகையா? கையாக இருந்தால் குறுகுவது இயல்புதானே!

நீலமலைவாசி:
அக்ரிலிக் என்ற செயற்கை நூலாக இருக்கும். ஊட்டி மார்க்கெட்டில் 'கம்பளி' என்று சொல்லி விற்பதில் பாதிக்கு மேல் அக்ரிலிக்தான். எனக்கு அந்த நூலே ஆகாது. அது சுருங்கத்தான் செய்யும்.

தேன்மொழி:
பின்னி முடிக்காத, தண்ணீரே படாத துணி எப்படிச் சுருங்கும்? அதுவும் துவைத்தால் சுருங்குவது அசல் கம்பளி. வெந்நீரில் போட்டு அலசினால் சிக்குப் பிடித்துக் குழந்தைச் சட்டையாகிவிடும். அக்ரிலிக்குக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஊசிமுனை:
மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார்கள். மாதிரிச் சதுரம் பின்னிப் பார்த்தீர்களா? பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் பின்னி, எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று எண்ணிக் குறித்துக்கொண்ட பிறகுதான் ஸ்வெட்டருக்கு அடித்தளமான சங்கிலியே போட வேண்டும். அதைச் செய்யாதவர்களுக்கு என்ன சொல்லியும் பயனில்லை. காணொளி பார்த்துக் கற்றால் இப்படித்தான்.

பரணி_திருப்பூர்:
இருபது ஆண்டாகப் பின்னலாடைத் தொழிலில் இருப்பவன் சொல்கிறேன், இது நூல் முறுக்குக் கோளாறு. சிங்கிள் ஜெர்சி பனியனைத் துவைத்தால் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்பைராலிட்டி என்போம். நூலில் முறுக்கு மிகுந்தால் துணி ஒரு பக்கமாக இழுக்கும். நூலை மாற்றுங்கள்.

குன்னூர்_கீதா:
மாமனாருக்கு. முதுகுப் பகுதி. 8 நம்பர் ஊசி. அக்ரிலிக்தான், தடிமன் 8 பிளை என்று போட்டிருக்கிறது. டபுள் குரோஷா. நூலை மாற்ற முடியாது, ஆறு உருண்டை வாங்கிவிட்டேன்.

தேன்மொழி:
இப்போதுதான் பேச்சே தொடங்குகிறது. இரண்டு கேள்வி.

முதலாவது, 8 நம்பர் என்றால் எந்த நாட்டு 8? பழைய பிரிட்டிஷ் கணக்கில் 8 என்பது 4 மில்லிமீட்டர். அமெரிக்கக் கணக்கில் எச்-8 என்பது 5 மில்லிமீட்டர். ஊசியின் கைப்பிடியில் மில்லிமீட்டர் பொறித்திருக்கும், அதைப் பாருங்கள்.

இரண்டாவது, உங்கள் 'டபுள்' ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிவிட்டுப் போடுவதா, சுற்றாமல் போடுவதா? அமெரிக்கர்களின் டபுள் உயரமானது. பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்பது குட்டையானது, அமெரிக்காவில் அதற்கு சிங்கிள் என்று பெயர். எதைப் போடுகிறீர்கள் என்று தெரிந்தால்தான் வரிசைத் தொடக்கத்தில் கண்ணியின் உயரத்துக்கு எத்தனை சங்கிலி ஏற்றுகிறீர்கள் என்பது புரியும்.

ஊசிமுனை:
மாதிரிச் சதுரம் பற்றிய என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

மார்த்தாண்டம்_ரோஸ்:
ஊசிமுனை அம்மா, எங்கள் பாட்டி எந்தச் சதுரமும் பின்னிப் பார்த்ததில்லை. கண்ணால் அளந்தே போடுவார். நாஞ்சில் நாட்டுப் பெண்களுக்குக் குரோஷா கைவந்த கலை. 1820களிலேயே வெள்ளைக்கார மிஷனரி அம்மாமார் நாகர்கோவிலில் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

ஊசிமுனை:
அது குரோஷா அல்ல. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் தொடங்கியது லேஸ் பின்னல். ஒரு திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டு முறுக்குவார்கள். அதில் கொக்கி ஊசிக்கே வேலை இல்லை. குரோஷா முறைகள் ஐரோப்பாவில் அச்சேறியதே 1823-24 வாக்கில், ஒரு டச்சுப் பத்திரிகையில்தான் என்பார்கள்.

மார்த்தாண்டம்_ரோஸ்:
நாகர்கோவில் லேஸ் என்று சொல்லி என் பாட்டி கொக்கி ஊசியில் போட்ட மேசை விரிப்பு இன்றும் என் வீட்டில் இருக்கிறது. அதையும் இல்லை என்பீர்களா?

ஊசிமுனை:
விரிப்பு இருக்கும். பிற்காலத்தில் எல்லாரும் எல்லாமும் பின்னினார்கள். நான் சொன்னது 1820களைப் பற்றி. மால்ட் தம்பதியின் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போய் அங்கே பெண்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் லேஸ்தான். குரோஷா லேஸ் வேண்டுமென்றால் ஆந்திராவின் நரசாபூருக்குப் போங்கள். புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறார்கள்.

பரணி_திருப்பூர்:
இதையெல்லாம் இயந்திரத்திலேயே போட்டுவிடலாம். எதற்கு இவ்வளவு சிரமம்?

தேன்மொழி:
பரணி சார், நீங்கள் சொல்வது பனியன் துணிக்கு. அசல் குரோஷாவைப் பின்னும் இயந்திரம் கடைகளுக்குத் துணி அனுப்பும் அளவில் எங்கும் ஓடவில்லை. அப்படித் தோற்றம் தரும் துணிதான் இயந்திரத்தில் வரும். முறுக்கினால் துணி சாயும், சரி. ஆனால் கண்ணியின் எண்ணிக்கை குறையாது. அதோடு முதுகுப் பகுதியை ஒவ்வொரு வரிசைக்கும் திருப்பித் திருப்பிப் பின்னும்போது இந்த வரிசையின் சாய்வை அடுத்த வரிசை ஈடுகட்டிவிடும்.

மார்த்தா மால்ட்டை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். கீதா, இருக்கிறீர்களா? முதல் வரிசையில் எத்தனை கண்ணி, கடைசி வரிசையில் எத்தனை? எண்ணிச் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் அகலத்தையும் அளந்துவிடுங்கள்.

குன்னூர்_கீதா:
மன்னிக்கவும், சமையல் வேலை. ஊசியில் 4.00 என்று இருக்கிறது. ஒருமுறை சுற்றித்தான் போடுகிறேன். 82 சங்கிலி போட்டு 80 கண்ணியில் தொடங்கினேன். இப்போது 62 இருக்கிறது!! நான் எங்கும் குறைக்கவே இல்லை. அடியில் 43 செ.மீ., மேலே 33. காணொளியில் 50 வரும் என்றார்கள். மாதிரிச் சதுரம் பின்னவில்லை.

ஊசிமுனை:
நன்றி. அவ்வளவுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

தேன்மொழி:
இப்போது எத்தனையாவது வரிசையில் இருக்கிறீர்கள்?

குன்னூர்_கீதா:
19.

தேன்மொழி:
பிடிபட்டுவிட்டது. முதல் வரிசை 80. அதற்குப் பிறகு 18 வரிசை, 18 கண்ணி குறைவு. வரிசைக்குச் சரியாக ஒன்று. கை இறுக்கமோ நூலோ காரணமென்றால் இப்படிக் கணக்கு வைத்தாற்போல் குறையாது. வரிசைதோறும் ஒரே இடத்தில் ஒரு கண்ணியை விட்டுக்கொண்டு வருகிறீர்கள்.

அந்த இடம் வரிசையின் கடைசி. திருப்பியதும் மூன்று சங்கிலி ஏற்றுகிறீர்கள் அல்லவா, அதுவே அந்த வரிசையின் முதல் கண்ணியாகக் கணக்கு. அதனால் அதன் அடியில் இருக்கும் கண்ணியை விட்டு அடுத்ததில் குத்துகிறீர்கள். அதுவரை சரி. ஆனால் அடுத்த வரிசையைப் பின்னிக்கொண்டு அந்த ஓரத்துக்கு வந்து சேரும்போது, முன்பு ஏற்றிய மூன்று சங்கிலியின் தலையில் ஒரு கண்ணி போட வேண்டும். அதைத்தான் விடுகிறீர்கள். எல்லாரும் விடுவதும் அதைத்தான், ஏனென்றால் அது கண்ணி போலவே இருக்காது. மற்றவை நிமிர்ந்து நிற்க, இது மட்டும் ஒல்லியாகச் சுருண்டு பின்பக்கம் சாய்ந்து கிடக்கும். வரிசை முடிந்துவிட்டது என்று நினைத்துத் திருப்பிவிடுவோம். கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை முன்னால் தள்ளிப் பாருங்கள், மூன்றாவது சங்கிலியின் இரண்டு இழையும் தெரியும். அங்கே குத்த வேண்டும்.

மூன்று சங்கிலி ஏற்றியவுடனே அதன் தலையில் ஒரு சேஃப்டி பின்னை மாட்டிவிடுங்கள். திரும்பி வரும்போது பின் கண்ணில் படும், விட முடியாது.

நூல்கண்டு:
இன்னொரு வழியும் உண்டு. மூன்றுக்குப் பதில் இரண்டே சங்கிலி ஏற்றி, அதைக் கண்ணியாகவே எண்ணாமல் முதல் கண்ணியிலேயே குத்துங்கள். முடிவில் சங்கிலியைத் தேட வேண்டாம். ஓரத்தில் ஓட்டையும் விழாது. நான் இப்படித்தான் செய்கிறேன். எது செய்தாலும் ஒன்றையே செய்யுங்கள். பாதியில் மாற்றினால் ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும்.

ஊசிமுனை:
அது அவசரக்காரர்கள் செய்யும் வேலை. மூன்று சங்கிலி முறைதான் முறை.

நூல்கண்டு:
அம்மா, அணியப்போவது அவருடைய மாமனார். ஓரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப்போவதில்லை.

தேன்மொழி:
இதோடு முடியவில்லை கீதா. கண்ணி குறையாத அடிப்பகுதியே 50க்குப் பதில் 43தான் வந்திருக்கிறது. அதற்குக் காரணம் ஊசி. காணொளியில் இருப்பவர் அமெரிக்கராக இருந்தால் அவருடைய 8, 5 மில்லிமீட்டர். உங்களுடையது 4. முன், பின் இரண்டு பலகைக்கும் சேர்த்தால் மார்புச் சுற்றளவு 100 வர வேண்டிய இடத்தில் 86. குன்னூர்க் குளிருக்கு உள்ளே ஒரு சட்டை போட்டு அதன் மேல் போட்டால் மூச்சுவிட முடியாது. இந்த ஒரு விஷயத்தில் ஊசிமுனை சொன்னது சரி. மாதிரிச் சதுரம் பின்னியிருந்தால் பத்து சென்டிமீட்டரில் 16 கண்ணிக்குப் பதில் பதினெட்டரை வருவது அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஆகவே ஓரத்தை மட்டும் சரிசெய்து மேலே தொடராதீர்கள். முழுவதும் பிரித்து 5 மில்லிமீட்டர் ஊசியில் தொடங்குங்கள். பிரித்த நூல் சுருள்சுருளாக இருக்கும். நாற்காலியின் முதுகில் சுற்றித் தளர்வாகக் கட்டி, நனைத்துத் தொங்கவிட்டால் நேராகிவிடும்.

மேலும், ஆறு உருண்டை என்றீர்களே, ஒவ்வொன்றும் 50 கிராமா? அப்படியானால் 300 கிராம்தான். பெரியவர்களின் முழுக்கை ஸ்வெட்டருக்கு இந்த நூலில் இன்னும் அவ்வளவாவது தேவைப்படும். உருண்டையைச் சுற்றிய தாளில் சாயத் தொகுதி எண் இருக்கும், அது மாறினால் நிறமும் சற்று மாறலாம். அதே எண்ணில் இப்போதே வாங்கி வையுங்கள்.

மார்த்தாண்டம்_ரோஸ்:
பாட்டியின் விரிப்பைப் படம் எடுத்திருக்கிறேன். எங்கே பதிவிடுவது?

ஊசிமுனை:
தனிப் பதிவு தொடங்குங்கள். பார்க்கிறேன்.

நீலமலைவாசி:
என்ன சொன்னாலும் அக்ரிலிக் அக்ரிலிக்தான். அடுப்புப் பக்கம் போகும்போது கவனம், தீப்பிடித்தால் உருகி உடம்பில் ஒட்டும். கம்பளி அப்படி எளிதில் பற்றாது.

குன்னூர்_கீதா:
பிரித்துவிட்டேன். 5 மில்லிமீட்டர் ஊசியில் புதிதாகத் தொடங்கினேன், சேஃப்டி பின் வைத்துத்தான். 12 வரிசை ஆகிவிட்டது, 80 இருக்கிறது. அகலம் 49. எல்லாருக்கும் நன்றி. நூல் கேட்டுக் கடைக்குப் போனேன், அதே நிறம் இருக்கிறது, சாய எண் வேறு. வாங்கலாமா?

நூல்கண்டு:
வாங்குங்கள், ஆனால் பழையது தீர்ந்த பிறகு புதியதைத் தொடங்காதீர்கள். இரண்டு வரிசை பழையதில், இரண்டு வரிசை புதியதில் என்று மாற்றி மாற்றிப் பின்னினால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. இல்லையென்றால் முன்பலகையும் பின்பலகையும் பழையதில் முடித்துவிட்டு, இரண்டு கையையும் புதியதில் போடுங்கள்.