16 நாள் பட்ஜி குஞ்சுக்குக் கால் அகண்டு கிடக்கிறது, கட்டுப் போடலாமா?

பானைக்குருவி:
ஒரு ஜோடி பட்ஜிக்கு (லவ் பேர்ட்ஸ்னு விக்கற சின்னக் கிளி) நாலு குஞ்சு. மூத்ததுக்கு இன்னிக்கு 16 நாள். ரெண்டு காலும் அடியில மடங்காம, தவளை மாதிரி பக்கவாட்டில் விரிஞ்சு கிடக்கு. நெஞ்சாலேயே தேய்ச்சு நகருது. தாய் ஊட்டுது, தீனிப்பை நிறைஞ்சுதான் இருக்கு. கூடு மண்பானைதான், உள்ளே எதுவும் போடலை. தீனி தினை மட்டும். இது தானா சரியாகுமா, கட்டணுமா? இன்னொண்ணு: போன ஈட்டுல பொரிஞ்ச ரெண்டு மாசக் குருவிக்குக் காலிலும் அலகு ஓரத்திலும் வெள்ளையா, சொரசொரன்னு ஏதோ படிஞ்சிருக்கு. ரெண்டும் ஒரே நோயா?

கூண்டுவாசி:
ரெண்டும் வேற வேற. முதல்ல குஞ்சைப் பார்ப்போம், அதுக்குத்தான் நாள் குறைவு. தானா சரியாகாது. எலும்பு இப்போ இளசு, வளைச்ச பக்கம் வளையும். மூணு வாரத்துக்குள்ள கட்டினா பெரும்பாலும் நேராகும். கூட்டை விட்டு வெளிவர 30 நாளைத் தாண்டிட்டா எலும்பு இறுகிடும், அப்புறம் கட்டி அதிகப் பலன் இல்லை.

கட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. விரலைப் பாதத்துல வச்சா குஞ்சு இறுக்கிப் பிடிக்கணும். பிடிச்சா நரம்பு நல்லா இருக்கு. ஒரு கால் மட்டும் திடீர்னு தொங்கி, வீங்கி, தோல் பச்சையா கன்றியிருந்தா அது முறிவு. கட்டாதீங்க, எக்ஸ்ரே எடுக்கற டாக்டர்கிட்ட போங்க. சென்னைன்னா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு.

கட்டுக்கு மைக்ரோபோர் காகித டேப் போதும். அரை அங்குல டேப்பை நீளவாக்கில் ரெண்டாக் கிழிச்சு, 8 செ.மீ. எடுத்துக்குங்க. கணுவுக்கும் பாதத்துக்கும் நடுவுல ஒரு காலைத் தளர்வா ஒரு சுற்று சுற்றி, டேப்பை டேப்போட ஒட்டுங்க. இடைவெளி விட்டு அடுத்த காலையும் அதே மாதிரி. ஒட்டுற பக்கம் வெளியே தெரியாம நடுப்பகுதியை மடிச்சிடுங்க, இல்லைன்னா எச்சமும் பஞ்சும் ஒட்டும். இடைவெளிதான் முக்கியம்: பாதம் இடுப்புக்கு நேர் கீழே வரணும், பட்ஜிக்கு ஏறக்குறைய 2 செ.மீ. ரெண்டு காலையும் சேர்த்து நெருக்கிக் கட்டினா குஞ்சு கவிழ்ந்து விழும், மூட்டும் திருகும்.

கட்டின அரை மணி நேரத்துல விரல் நிறத்தைப் பாருங்க. நீலம், கருஞ்சிவப்பு, வீக்கம், சில்லிப்பு எது தெரிஞ்சாலும் உடனே வெட்டிடணும். நூல், ரப்பர் பேண்ட் வேண்டவே வேண்டாம், காலை அறுத்துடும். குஞ்சு வேகமா வளரும், ரெண்டு நாளுக்கு ஒருமுறை டேப்பை மாத்துங்க. ஒரு வாரத்துலேர்ந்து ரெண்டு வாரம் வரை ஆகும். இறகு முழுசா மூடாத குஞ்சு, பத்து நிமிஷத்துக்கு மேல வெளியே வைக்காதீங்க.

தினைக்கதிர்:
டேப் சரிதான். ஆனா தொடையே வெளிப்பக்கம் திரும்பியிருந்தா டேப் பாதத்தை மட்டும் இழுக்கும், தொடை அப்படியே நிற்கும். அதுக்கு மெத்துன்னு இருக்கற ஸ்பாஞ்ச்ல ரெண்டு கீறல் போட்டு, காலை அதுக்குள்ள விட்டு நேரா நிறுத்தறது மேல். நம்ம ஊர் வெயிலுக்கு எச்சத்துல ஊறி வயித்துத் தோல் புண்ணாகும், அதனால தினம் மாத்தணும்.

காரணத்தை மாத்தலைன்னா அடுத்த குஞ்சும் இப்படியே போகும். வெறும் பானையில கால் வழுக்குது, பெட்டை மேல அழுத்தி உட்காருது, கால் ரெண்டு பக்கமும் பிதுங்குது. தச்சுப்பட்டறை மரச்சீவல் 3-4 செ.மீ. போடுங்க. மாவு மாதிரி மரத்தூள் மூச்சுக்குழாய்க்கு ஆகாது. பெட்டை வாரி வெளியே எறியும், திரும்பத் திரும்பப் போடணும்.

ரெண்டாவது கால்சியம். கடல் நுரையை (கணவாய் ஓடு) முட்டை போடறதுக்கு முன்னாடியே கூண்டுல மாட்டியிருக்கணும், இப்பவாவது மாட்டுங்க. அவிச்ச முட்டையை ஓட்டோட நசுக்கி வையுங்க, ரெண்டு மணி நேரத்துல எடுத்துடுங்க. கூடவே முருங்கைக்கீரை, துருவின கேரட். காலை இளவெயில் நேரடியாப் படணும். கண்ணாடி ஜன்னல் வழியா வர்ற வெயில்ல வைட்டமின் டி3 உண்டாகாது. கூண்டுல ஒரு பாதி நிழல் இருக்கணும்.

பானைக்குருவி:
ரொம்ப நன்றி. விரலை இறுக்கிப் பிடிக்குது, தொடை திரும்பலை. டேப் போட்டாச்சு, நிறம் சரியா இருக்கு. பெரிய குருவிக்கு மருந்துக்கடையில் மாட்டுக்குப் போடற ஐவர்மெக்டின்ங்கற ஒட்டுண்ணி ஊசி மருந்து ஒரு சொட்டு விடச் சொல்றாங்க. விடலாமா?

கூண்டுவாசி:
விடாதீங்க. அது 1 சதவீத மருந்து, ஒரு மில்லியில் 10 மி.கி. பறவைக்கு வழக்கமான அளவு கிலோவுக்கு 0.2 மி.கி. 35 கிராம் குருவிக்குக் கணக்குப் போட்டா 0.007 மி.கி.தான் வரும். ஒரு சொட்டு 0.05 மில்லின்னா 0.5 மி.கி., அதாவது எழுபது மடங்கு! குருவி செத்தே போகலாம்.

நீங்க சொல்றது செதில் உண்ணி (தோலைத் துளைச்சு வாழற நுண்ணிய பூச்சி) மாதிரிதான் இருக்கு. படிவுல ஊசிக்குத்து மாதிரி நுண் துளைகள் தேன்கூடு போலத் தெரிஞ்சா சந்தேகமே வேண்டாம். பறவை டாக்டர் நீர்த்த மருந்தைப் பிடரித் தோல்ல வைப்பார், 10-14 நாள் கழிச்சு இன்னொரு முறை. படிவைப் பிய்க்காதீங்க, ரத்தம் வரும். அதுவரை வாசலினைப் படிவு மேல மட்டும் மெல்லிசாத் தடவலாம், மூக்குத் துளையிலும் இறகிலும் படக்கூடாது.

தினைக்கதிர்:
அந்தக் குருவியைத் தனிக் கூண்டுக்கு மாத்துங்க. தொட்டுப் பழகுற குருவிகளுக்குள்ள இது பரவும், கூட்டில் பெற்றோர்கிட்டேர்ந்து குஞ்சுக்கும் வரும். அதனால பெற்றோரையும் டாக்டர்கிட்ட காட்டுங்க. பழைய மரக்கோலை எறிஞ்சிட்டு, கழுவி வெயிலில் காய வச்ச கொய்யாக் கிளை வையுங்க. 10 மி.மீ.லேர்ந்து 20 மி.மீ. வரை பல தடிமன்ல இருக்கட்டும். ஒரே தடிமன் பிளாஸ்டிக் குச்சியில எப்பவும் ஒரே இடம் அழுந்தும். முதல்ல உள்ளங்கால் செதில் தேய்ஞ்சு பளபளன்னு சிவக்கும், அப்புறம் புண்ணாகும். டேப் அவிழ்க்கிற குஞ்சுக்கு முதல் வாரம் கம்பே வேண்டாம், தரையில துணி விரிச்சு நடக்க விடுங்க.