புதுப்பிப்பு: டொக்கர் மைன்கிராஃப்ட் சர்வரில் பிளகின்கள் காணாமல் போனது சரியாகிவிட்டது

மென்பொருளைக் கொண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டொக்கரில், இமேஜைப் (அந்தப் பெட்டியை உருவாக்கும் அச்சு) புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் பேப்பர் என்ற மைன்கிராஃப்ட் சர்வரின் பிளகின்கள் (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்கள்) மறைகின்றன என்று போன வாரம் கேட்டிருந்தேன். உதவிய எல்லாருக்கும் நன்றி.

டேட்டா கோப்புறை முழுவதையும் கொண்டெய்னருக்கு வெளியே கணினியிலேயே வைத்து மவுண்ட் பண்ணச் (உள்ளே இணைக்கச்) சொன்ன தம்பியின் யோசனைதான் வேலை செய்தது. நான் விளையாட்டு உலகம் சேமிக்கப்படும் கோப்புறையை மட்டும் மவுண்ட் பண்ணிவிட்டு, பிளகின்களின் ஜார் கோப்புகளைக் கொண்டெய்னருக்குள்ளேயே போட்டு வந்திருக்கிறேன். ரீஸ்டார்ட்டில் அவை போகாது, ஆனால் கொண்டெய்னரை அழித்துப் புதிதாக உருவாக்கினால் உள்ளே எழுதியதெல்லாம் அதோடு போய்விடும், அதனால்தான் இத்தனை நாள் பிடிபடவில்லை.

எதிர்பாராதது ஒன்று. மாற்றிய பிறகும் லக்பெர்ம்ஸ் (யாருக்கு என்ன அனுமதி என்று பார்க்கும் பிளகின்) எழும்பவில்லை, லொக்கில் (சர்வரின் பதிவேட்டில்) ‘பெர்மிஷன் டினைட்’, அதாவது அனுமதி மறுப்பு. சூடோ (நிர்வாகி அதிகாரத்தில் ஓட்டும் கட்டளை) போட்டு நகலெடுத்ததால் கோப்புகள் ரூட் என்ற நிர்வாகியின் பெயரில் இருந்தன, சர்வரோ உள்ளே 1000 என்ற எண்ணுள்ள சாதாரணப் பயனராக ஓடுகிறது. கோப்புறை முழுவதற்கும் உரிமையாளரை 1000:1000 (பயனர் எண்:குழு எண்) என்று மாற்றியதும் சரி.

அப்புறம், பிளகின்ஸ் கோப்புறையில் ஃபேப்ரிக் என்ற வேறு அமைப்புக்கான மொட் (விளையாட்டை மாற்றும் நிரல்) ஒன்றும் கிடந்தது. பேப்பர் அதை ஏற்றாது, எடுத்துவிட்டேன்.

நேற்றிரவு ஹட்டனில் மழையோடு கரண்ட் போய் வந்தது. டொக்கரின் ரீஸ்டார்ட் பொலிசியை ‘அன்லெஸ் ஸ்டொப்ட்’ (நாமாக நிறுத்தாதவரை திரும்ப ஓட்டு) என்று வைத்திருந்ததால் சர்வர் தானாகவே எழும்பியது, பிளகின் பட்டியலில் 7 பெயரும் பச்சையாக நின்றன.