கண் வெள்ளையில் சிவப்பு நூல்கள், கூடவே தள்ளாட்டம்

கேள்வி (சாட்ஸ்வர்த், டர்பன்):
மகளுக்கு 5 வயது. ஒரு வருடமாக இரண்டு கண்களின் வெள்ளையிலும் சிவப்பு நூல் போல ரத்தக் குழாய்கள் தெரிகின்றன. உறுத்தல் இல்லை, நீர் வடியவில்லை. அலர்ஜி என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். மூன்று பாட்டில் தீர்ந்தும் அப்படியேதான். இப்போது காது மடலிலும் அதே கோடுகள். தைப்பூசக் காவடியன்று பால் சொம்பு தூக்கியவள், நாலடி நடப்பதற்குள் பாதியைச் சிந்திவிட்டாள். பயமாக இருக்கிறது. அவள் அப்பா என் தாய்மாமன் மகன்.

பதில் (நர்ஸ், பீனிக்ஸ்):
சகோதரி, கண்ணையும் நடையையும் தனித்தனியாகக் காட்டாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் அட்டாக்சியா டெலாஞ்சியெக்டேசியாவா (தள்ளாட்டமும் விரிந்த சிறு ரத்தக் குழாய்களும் வரும் பரம்பரை நோய்) என்று பார்க்க வேண்டும். 11ஆம் குரோமோசோமில் உள்ள ஏடிஎம் மரபணுவின் கோளாறு அது. பெரும்பாலும் ரத்தத்தில் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்ற புரதம் கூடியிருக்கும். அப்புறம் மரபணுச் சோதனை. அதுவரை அவசியமில்லாத எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் வேண்டவே வேண்டாம்; இந்த நோயில் உடல் கதிர்வீச்சைத் தாங்காது. எம்ஆர்ஐயில் அந்தக் கதிர்வீச்சு இல்லை, எடுக்கலாம்.

பதில் (ஒரு அப்பா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
என் மகனுக்கு இதுதான். அவனுக்குத் தள்ளாட்டம் முதலில், கண் சிவப்பு பிறகு. அடிக்கடி நெஞ்சுச் சளி வந்தால் இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரதம்) அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். சொந்தத்தில் கட்டியதைச் சொல்லி யாராவது குத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அப்பா, அம்மா இருவரிடமும் அந்த மரபணுவின் பழுதான பிரதி ஒன்று இருந்தால்தான் வரும். உறவே இல்லாத எங்களுக்கும் வந்தது.

கேட்டவர்:
அக்கா, அண்ணா, நன்றி. செவ்வாய்க்கிழமை குழந்தைகள் நரம்பியல் டாக்டரைப் பார்க்கிறோம். அவள் நடப்பதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.