ஓட்டு கைக்கு வந்த அன்று: வடசென்னை அனுபவங்கள்

தண்டையார்பேட்டை:
1989 ஜனவரி சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தெருவுக்கு பூத் சிலிப் எழுதிக் கொடுத்தவன் நான். அப்போது வயது பத்தொன்பது. வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18 ஆக்கும் 61-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அதற்கு முந்தைய டிசம்பரிலேயே நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. ஆனால் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனின் ஒப்புதலோடு அது நடைமுறைக்கு வந்தது மார்ச் 28 அன்றுதான் என்பதால், அந்தத் தேர்தல் எங்கள் வயதுக்காரர்களைத் தாண்டிப் போய்விட்டது. நான் கைப்பிடித்துச் சாவடி வரை அழைத்துச் சென்ற ஒரு பாட்டி, ஓட்டுப் போட்டுத் திரும்பியதும் என் இடக்கையை எடுத்து, விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நீ போடலையா நைனா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தலில் வாக்களித்துவிட்டேன் என்றாலும், அந்தக் கேள்வி இன்னும் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

பெரம்பூர்:
சில மாதக் காத்திருப்பை இவ்வளவு பெரிய இழப்பாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1921 ஏப்ரலில் சென்னை மாகாண சட்டசபை, நாட்டிலேயே முதல் மாகாணமாகப் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கத் தீர்மானித்தது. அதே ஆண்டில்தான் எங்கள் பகுதியின் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) துணி மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து பட்டினி கிடந்தார்கள். சொத்தும் வரியும் இருந்தால்தான் ஓட்டு என்ற விதி இருந்ததால், அவர்களில் பெரும்பாலோரும் அவர்கள் வீட்டுப் பெண்களும் அந்தத் தீர்மானத்துக்கு வெளியிலேயே நின்றார்கள். மில் தொழிலாளியின் மனைவியான என் ஆயா 1952-இல்தான் முதன்முதலாக ஓட்டுப் போட்டார். அன்று ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி இருந்தது. சீட்டு முழுதாக உள்ளே விழுந்ததா என்ற பயத்தில், பெட்டியின் மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றதாக அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். "இன்னாருடைய சம்சாரம்" என்று மட்டும் சொன்ன ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் அந்தத் தேர்தலில் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன என்பதையும் மறக்கக் கூடாது.

காசிமேடு:
பெரம்பூர் நண்பர் சொல்லும் அந்த நீக்கம் பெரும்பாலும் பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற வட மாநிலங்களில் நடந்தது. நம் ஊர்க் கதையோடு அதைச் சேர்ப்பது சரியல்ல. தண்டையார்பேட்டை நண்பரின் வருத்தம் நியாயமானதே. என் அக்கா மகனுக்கு 2021 ஜனவரி 3 அன்று 18 வயது நிறைந்தது. 18 வயது நிறைந்ததா என்று கணக்கிடும் தகுதி நாளாக ஜனவரி 1 மட்டுமே இருந்ததால், சட்டமன்றத் தேர்தல் நடந்த ஏப்ரல் 6 அன்று அவன் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தான். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் தேதிகளும் தகுதி நாட்கள் ஆகிவிட்டன. ஆகவே பிள்ளைகளுக்கு 17 நிறைந்தவுடனேயே, பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ குடியேற்றப்பட்டவர்கள் படிவம் 8 கொடுத்து முகவரியை மாற்றிக்கொள்ள வேண்டும். வாக்காளர் அட்டை கையில் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அட்டையைக் காட்டியும் வாக்களிக்க முடியாது. வரைவுப் பட்டியல் வரும்போது வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் விரல் வைத்துப் படித்துப் பாருங்கள்.

வால்டாக்ஸ் சாலை:
வீடே இல்லாதவர்களுக்கு இந்த அறிவுரைகள் எதுவும் பொருந்தாது. நடைபாதையில் வாழும் ஒரு குடும்பத்துப் பெண்ணின் விண்ணப்பம், முகவரிச் சான்று இல்லை என்று ஓர் அலுவலகத்தில் திருப்பப்பட்டபோது நான் உடன் இருந்தேன். வீடற்றவர்களுக்கு அந்தச் சான்று தேவையில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் நேரில் வந்து, அவர் அங்கே உறங்குகிறார் என்பதை உறுதி செய்தால் போதும் என்று தேர்தல் ஆணையமே வழி வகுத்திருக்கிறது. அதைச் சொல்லி மறுபடியும் கொடுத்தோம். ஓர் இரவு அலுவலர் டார்ச் விளக்குடன் வந்தபோது, அந்தப் பெண் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை நகர்த்தி, தன் பாயை விரித்து, அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த பட்டியலில் அவர் பெயர் வந்தது. உங்கள் பகுதியில் இப்படி யாராவது இருந்தால், சான்று கேட்டுத் திருப்பி அனுப்ப விடாதீர்கள்; அவர்களோடு நீங்களும் போய் நில்லுங்கள்.